யாரையும் எழுந்து நிற்க வைக்காமல்

எங்கள் கல்லூரியில் சம வாய்ப்பு மையம் என்று ஒன்று இருப்பதே, அதற்கு என்னை ஒருங்கிணைப்பாளராகப் போட்ட அன்றுதான் எனக்குத் தெரியும். ஒரு சர்க்குலர், ஒரு பச்சை ஃபைல், ஃபைலுக்குள் நாலைந்து செமினார் போட்டோக்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி கேட்கும், கல்லூரிக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வந்தால் கேட்கும் என்பதற்காக உயிரோடு வைத்திருந்த மையம். தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி எங்களுடையது. நான் வேதியியல் துறை. பாடம் நடத்துவதோடு இதையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

எல்லாரையும் போல விழாவில்தான் தொடங்கினோம். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினம். உறுதிமொழி, கோலப்போட்டி, சிறப்பு விருந்தினர், மேடைக்கு அழைத்துச் சால்வை. விழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, சால்வை வாங்கிய மாணவன் ஒருவன் ஊன்றுகோலோடு வந்து நின்றான். “மேம், சால்வை இருக்கட்டும். ஹாலுக்கு வர்ற வழியில ரெண்டு படி இருக்குல்ல, அதை மட்டும் ஏதாவது செய்யச் சொல்லுங்க” என்றான். அந்த இரண்டு படிகளும் கட்டடம் கட்டிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கின்றன. அவற்றைத் தாண்டிப் போய்த்தான் நாங்களெல்லாம் உறுதிமொழி எடுத்தோம்.

சாய்தளம் போட ஒரு கொத்தனாரும் சித்தாளும் போதுமாக இருந்தது. இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாய்தளம் என்ற பெயரில் பல கல்லூரிகளில் இருப்பது சறுக்குமரம். ஓர் அடி உயரம் ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அடி நீளமாவது வேண்டும். சக்கர நாற்காலியை யாருடைய தள்ளலும் இல்லாமல் ஓட்டிப்போக அந்தக் கணக்குத்தான் சரிவரும். இடமில்லை என்று நான்கடியில் முடித்தால் பின்னாலிருந்து தள்ள ஒருவர் எப்போதும் நிற்க வேண்டும். ஆள் கிடைக்கும்வரை அந்தப் பிள்ளை கீழேயே காத்திருக்கும்.

அதற்குப் பிறகு விழாக்களைக் குறைத்துக்கொண்டு வேறொரு வேலையில் இறங்கினோம். ஒரு மாணவன் கல்லூரிக்குள் நுழைந்து பட்டம் வாங்கிப் போகும்வரை, எந்தெந்த இடத்திலெல்லாம் மற்றவர்களிடமிருந்து தனியாக எழுந்து நின்று தன்னைக் காட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது? அந்த இடங்களைத் தேட ஆரம்பித்தோம். தேடத் தேட வந்துகொண்டே இருந்தன. பெரும்பாலும் அலுவலகத்தில், நோட்டீஸ் போர்டில், வருகைப் பதிவேட்டில். கெட்ட எண்ணத்தோடு யாரும் செய்து வைத்தவை அல்ல. எப்போதோ யாரோ வசதிக்காக வைத்த வழக்கம்.

முதலில் கண்ணில் பட்டது ஸ்காலர்ஷிப்.

பத்து மணி வகுப்பு ஓடிக்கொண்டிருக்கும். அலுவலக உதவியாளர் கதவோரம் வந்து நின்று, “மேடம், எஸ்சி எஸ்டி ஸ்காலர்ஷிப் பிள்ளைங்கள்லாம் ஜாதி சர்டிபிகேட் ஜெராக்ஸோட ஆபீசுக்கு வரணுமாம்” என்பார். சிலர் எழுந்து போவார்கள். அறுபது பேர் உள்ள வகுப்பில் மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். கல்லூரியில் சேர்ந்து மூன்றாவது வாரம். அதுவரை ஒருவர் சாதி இன்னொருவருக்குத் தெரியாது. அதன் பிறகு தெரியும். எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. அவர்களில் சிலர் மதிய இடைவேளையில் யாருக்கும் தெரியாமல் அலுவலகத்துக்குப் போவார்கள். சிலர் போகவே மாட்டார்கள். கடைசித் தேதி தாண்டியதும் கிளார்க் என்னிடம், “பிள்ளைங்களுக்கு அலட்சியம் மேடம், கவர்மென்ட் கொடுக்குற காசைக்கூட வந்து வாங்க மாட்டேங்குது” என்று அலுத்துக்கொள்வார். அலட்சியம் என்று அவர் நினைத்தது எதுவென்று அவருக்குப் புரியவைக்கச் சில மாதங்கள் ஆயின.

இதைச் சரிசெய்ய அரசுத் திட்டங்களே ஒரு வழியைத் திறந்துவிட்டன. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண் வந்தது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இரண்டும் சாதி பார்ப்பதில்லை. எங்களுடையது போன்ற கல்லூரியில் வகுப்பில் பெரும்பகுதிப் பிள்ளைகள் ஏதாவது ஒரு தொகைக்கு உரியவர்கள்தான். எனவே தனித்தனி அறிவிப்பை நிறுத்திவிட்டு, பருவத்துக்கு ஒருமுறை ‘உதவித்தொகை வாரம்’ என்று வைத்தோம். வகுப்பு முழுவதும், ஒருவர் விடாமல், வரிசை எண்படி அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒட்டிய கவரில் ஒரு சீட்டு. எந்தெந்தத் திட்டத்துக்கு அவர் தகுதி, என்ன காகிதம் வேண்டும், வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்று அதில் இருக்கும். எதற்கும் தகுதி இல்லாத மாணவனுக்கும் கவர் உண்டு. அவன் சீட்டில் வங்கிக் கல்விக்கடன் பற்றிய விவரம் இருக்கும். யார் கவரில் என்ன இருக்கிறது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

கிளார்க் முதலில் முறைத்தார். இத்தனை கவரை யார் ஒட்டுவது என்றார். நியாயமான கேள்வி. என்எஸ்எஸ் மாணவர்களை ஒட்டச் சொல்ல முடியாது, உள்ளே இருப்பதைப் பார்த்துவிடுவார்கள். எனவே நானும் இரண்டு ஆசிரியர்களும் உட்கார்ந்து ஒட்டினோம். அந்த வருடம் தேதி முடிந்த பிறகு வந்து கெஞ்சும் கூட்டம் கண்கூடாகக் குறைந்தது. அடுத்த பருவத்தில் கிளார்க்கே கவர் வாங்கி வைத்திருந்தார்.

அடுத்தது வருகைப் பதிவேடு. அலுவலகத்தில் ஒரே எக்செல் தாள். அதையே எல்லா வேலைக்கும் பிரிண்ட் எடுப்பார்கள். பெயர், பதிவெண், பக்கத்தில் ஓசி, பிசி, எம்பிசி, எஸ்சி என்று ஒரு கட்டம். வகுப்புத் தலைவன் கையில் அந்தத் தாள் நாள் முழுக்கப் புரளும். அந்தக் கட்டத்தை எடுக்க ஒரு போன் போதுமாக இருந்தது. இத்தனை வருடமாக ஏன் எடுக்கவில்லை என்று கேட்டால், யாரும் கேட்கவில்லை என்பதுதான் பதில். அதன் பிறகு வரிசை எண். எங்களிடம் சேர்க்கை வரிசைப்படி எண் கொடுப்பார்கள். இட ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒவ்வொன்றாக நிரம்பும். பொதுப்பட்டியல் முதலில், மற்றவை பின்னால். ஆக, வரிசை எண்ணைப் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். லேபில் வரிசை எண்படி பெஞ்ச் பிரித்தால், தானாகவே ஒரு தெரு ஒரு பெஞ்சில் வந்து உட்காரும். இப்போது அகர வரிசை.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக்கயிறு, இருக்கை வரிசை, பதிவேட்டில் சாதி என்று பள்ளிக்கூடத்தின் அன்றாடத்தைத்தான் அதுவும் பேசியது. அது பள்ளிகளுக்கானது. ஆனால் அந்தப் பிள்ளைகள்தான் அடுத்த ஜூனில் எங்கள் வாசலுக்கு வருகிறார்கள். கயிறும் கூடவே வருகிறது.

கயிறு விஷயத்தில் எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. உடன் வேலை பார்ப்பவர்கள் சிலருக்கு உடன்பாடில்லை. வாசலில் வாட்ச்மேனை நிறுத்திக் கத்தரிக்கோலால் வெட்டினால், கயிறு கையிலிருந்து போய்ப் பைக் ஸ்டிக்கராகவும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகவும் கோயில் கொடைக்குப் போடும் பனியனாகவும் வரும். தடை வேண்டாம் என்று சொல்லவில்லை. தடை மட்டும் போதாது. யாரோடு யார் நாள் முழுவதும் இருக்கிறார்கள் என்பதை மாற்ற வேண்டும். விடுதியில் முதலாமாண்டு அறையைக் குலுக்கலில் ஒதுக்குவது எங்கள் வார்டன் பிடிவாதமாகக் கொண்டுவந்தது. சேர்க்கை நாளில் அப்பாக்கள் வந்து நிற்பார்கள்: “சார், நம்ம ஊர்ப் பையன் ஒருத்தன் இருக்கான், அவன்கூடவே போட்டுவிட்டீங்கன்னா ஒத்தாசையா இருக்கும்.” கேட்பதற்கு எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! வார்டன் ஒரே பதில்தான் சொல்வார்: “குலுக்கல்ல உங்க பையனே சீட்டு எடுக்கட்டும் அண்ணாச்சி.” முதல் மாதம் சண்டை வரத்தான் செய்யும். பக்கெட்டுக்கு, ஃபேன் வேகத்துக்கு, விளக்கை எப்போது அணைப்பது என்பதற்கு. அந்தச் சண்டைகள் நல்ல சண்டைகள். சாதிச் சண்டைக்கு முன்னால் ஃபேன் சண்டை வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

விளையாட்டு விழாவில் அணிகளுக்கு வண்ணம் கொடுப்பதுகூட எங்கள் பக்கத்தில் விவகாரம். எந்த நிறம் யாருக்கு என்று பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க விட்டால், எந்த இரண்டு நிறம் சேரும் என்பது ஊருக்கே தெரியும். உடற்கல்வி இயக்குநர் எல்லாருக்கும் வெள்ளை பனியன், மார்பில் எண் என்று மாற்றினார். காரணம் எதையும் மைக்கில் சொல்லவில்லை. அதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

புகார்ப் பெட்டி பற்றி ஒரு வரி. எங்களுடையது அலுவலக வாசலில், கேமராவுக்கு நேர் கீழே தொங்கியது. அதில் என்ன விழும்? கேன்டீன் தோசை சரியில்லை என்று விழுந்தது.

இனி, பார்வையற்ற மாணவர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழில் பாடம் எழுதும் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

தமிழ் இலக்கியம் படிக்க வந்த ஒரு மாணவி லேப்டாப்பில் என்விடிஏ என்ற திரைவாசிப்பான் வைத்திருந்தாள். இலவச மென்பொருள். திரையில் இருக்கும் எழுத்தை உரக்கப் படிக்கும், தமிழும் படிக்கும். துறையில் அவளுக்குப் பாடக்குறிப்புகளைப் பென்டிரைவில் போட்டே கொடுத்திருந்தார்கள், எல்லாம் நல்ல மனசோடுதான். ஆனால் அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் கொண்டு வந்து காதில் ஹெட்போனை மாட்டி, “கேளுங்க மேம்” என்றாள். யாரோ ஆங்கில எழுத்துகளைத் தாறுமாறாக ஒப்பிப்பது போல இருந்தது. திரையில் பார்த்தால் அழகான தமிழ்.

விஷயம் இதுதான். குறிப்புகள் பாமினி எழுத்துருவில் அடித்தவை. ‘தமிழ்’ என்ற சொல்லைப் பாமினியில் அடித்தால் நம் கண்ணுக்குத்தான் அது தமிழ். கம்ப்யூட்டருக்கு அது ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு செமிகோலன். ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். திரைவாசிப்பான் போர்வையைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைப் படிக்கிறது. வானவில் எழுத்துருவிலும் இதே கதைதான். டிடிபி கடைகளிலும் பழைய அலுவலகக் கணினிகளிலும் இன்றும் இவைதான் ஓடுகின்றன. தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு உள்ள யூனிகோடில் அடித்திருந்தால் பிரச்சினையே இல்லை.

பழைய குறிப்புகளை மாற்ற என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஒட்டினால் யூனிகோடாக வரும், சில இடங்களில் மட்டும் கையால் திருத்த வேண்டும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் இன்னொரு தலைவலி. அது வெறும் படம், அதில் படிக்க எழுத்தே இல்லை. கூகுள் டிரைவில் ஏற்றி கூகுள் டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்தைப் பிரித்தெடுத்துக் கொடுக்கும். பழுதில்லாமல் வராது, ஆனால் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வரும். அந்த மாணவி ஒருத்திக்காகத் தமிழ்த்துறையின் குறிப்புகளை யூனிகோடுக்கு மாற்றினோம். மாற்றியதும் பார்வையுள்ள பிள்ளைகள்தான் முதலில் அள்ளிக்கொண்டார்கள். மொபைலில் எழுத்துரு இல்லாமல் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்தது இப்போது படிக்க வருகிறதே!

தேர்வு நேரம் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, உயர்கல்வியில் 5 சதவீத இடம் என்கிறது. 2018-இல் வந்த வழிகாட்டு நெறிகள், ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடம் என்ற கணக்கில் கூடுதல் நேரம் தரச் சொன்னன. மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். பல்கலைக்கழகத் தேர்வில் இதை யாரும் மறுப்பதில்லை. சிக்கல் இன்டர்னல் டெஸ்ட்டில். ஐம்பது நிமிட வகுப்பில் டெஸ்ட், மணி அடித்ததும் அடுத்த ஆசிரியர் வாசலில். சொல்வதை எழுதும் உதவியாளர் ஏற்பாடு செய்யப்பட்டிருக்காது. “நீ மட்டும் அப்புறமா தனியா எழுதும்மா” என்பார்கள். அந்த அப்புறம் வராது, அல்லது பிள்ளை பத்து முறை ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்ற பிறகு வரும். இப்போது இன்டர்னல் அட்டவணை போடும்போதே கூடுதல் நேரத்துக்கான அறையும் உதவியாளர் பெயரும் அதே தாளில் அச்சாகிறது. யாரும் போய்க் கேட்க வேண்டியதில்லை.

என் சொந்த லேபிலேயே ஒன்று நடந்தது. முதலாமாண்டு டைட்ரேஷன், ஒரு கரைசலில் இன்னொன்றைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை. மெத்தில் ஆரஞ்சு போட்டால் நிறம் மாறும் அந்த ஒரு சொட்டில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பையன் ஒவ்வொரு முறையும் தன் பெஞ்ச்காரனோடேயே ப்யூரெட்டைத் திறப்பான். அவன் “ம்” என்றால் இவன் மூடுவான். காப்பியடிக்கிறார்களோ என்று டெமான்ஸ்ட்ரேட்டர் இருவரையும் பிரித்தார். பிரித்த அன்று அவனுடைய ரீடிங் எங்கேயோ போய் நின்றது. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத கண். வீட்டில் அம்மாவுக்குக்கூடச் சொன்னதில்லை என்றான். சான்றிதழ், அடையாள அட்டை என்று எதுவும் அவனிடம் கிடையாது. சலுகைக்குக் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு வேண்டும் என்ற கணக்கில் எதிலும் வரமாட்டான். பிஎச் மீட்டரை வைத்து அவனைச் செய்யச் சொன்னோம். முனையில் எண் தாவும் இடத்தை வரைபடத்தில் குறித்தால் போதும். உண்மையில் அது கண்ணால் பார்ப்பதைவிடத் துல்லியமான முறை. இப்போது வகுப்பில் எல்லாருமே ஒரு முறை அப்படியும் செய்து பார்க்கிறார்கள்.

அட்டை இருந்தால்தான் உதவி என்பதை உச்ச நீதிமன்றமே ஏற்கவில்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் சிக்கல் உள்ள ஒரு தேர்வர் யுபிஎஸ்சி மீது தொடுத்த விகாஸ் குமார் வழக்கில், 40 சதவீதம் என்ற அளவுக்குள் வராதவருக்கும் எழுத உதவியாளர் தர வேண்டும் என்று 2021 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. “அட்டை எங்கே” என்று கேட்கும் ஆசிரியர்களிடம் காட்ட அந்தத் தீர்ப்பின் பிரதி என் ஃபைலில் எப்போதும் இருக்கிறது. பச்சை ஃபைலில்தான்.

மொழி பற்றிச் சொல்லாமல் முடியாது. தமிழ்வழியில் பன்னிரண்டு படித்துவிட்டு ஆங்கிலவழி பி.எஸ்சி.க்கு வரும் பிள்ளைக்குப் பாடம் கடினம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு பிரிட்ஜ் கோர்ஸ் என்று ஒன்று நடக்கிறது. அதைவிடக் கடினமானது கல்லூரியின் பேச்சு. இன்டர்னல், அரியர், காண்டொனேஷன், போனஃபைட், ஓடி, கிரெடிட். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளைக்கு இதையெல்லாம் சொல்ல அண்ணனோ அக்காவோ கிடையாது. வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்பது நவம்பரில் ஹால் டிக்கெட் வராதபோதுதான் தெரியும். மூன்றாமாண்டு மாணவர்களை உட்கார வைத்து, “உங்களுக்கு லேட்டாத் தெரிஞ்ச விஷயத்தையெல்லாம் எழுதுங்க” என்றோம். நாலு பக்கம் வந்தது. ஆசிரியர்கள் எழுதியிருந்தால் விதிமுறைப் புத்தகம் மாதிரி இருந்திருக்கும். அவர்கள் எழுதியதில், ‘போனஃபைட் கேட்கப் போனா காலையிலேயே போ, மத்தியானம் அந்த சார் சீட்ல இருக்க மாட்டார்’ என்பது வரை இருந்தது. அந்த வரியை மட்டும் நீக்கச் சொல்லி அலுவலகத்திலிருந்து கோரிக்கை வந்தது. நீக்கவில்லை.

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்தும் எங்களிடம் படிக்க வருகிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளி முடித்த பிள்ளைகள். பேச்சில், உடையில் வித்தியாசம் எதுவும் தெரியாது. ஆனால் முகாமில் செக்கிங் இருக்கும் நாளில் ஆள் அங்கே இருந்தாக வேண்டும். அன்று கல்லூரியில் ஆப்சென்ட். காரணம் கேட்டால் “காய்ச்சல் மேம்” என்பார்கள். மாதாமாதம் காய்ச்சல் வருகிறதே என்று ஒரு வகுப்பாசிரியர் கடுமையாகக் கேட்ட பிறகுதான் ஒருத்தி அழுதுகொண்டே உண்மையைச் சொன்னாள். விளையாட்டுக்கும் என்சிசிக்கும் போனால் வந்ததாகவே கணக்கில் எடுத்து ஓடி கொடுக்கும்போது இதற்கும் கொடுக்கலாம். முதல்வர் உடனே ஒப்புக்கொண்டார். பதிவேட்டில் ஓடி என்று மட்டும் விழும், காரணம் விழாது. வளாகத் தேர்வுக்கு வரும் கம்பெனிகள் பாஸ்போர்ட், குடியுரிமை என்று கேட்கும்போதுதான் எங்கள் கை முடங்கிப்போகிறது. அதைக் கல்லூரியால் தீர்க்க முடியாது. கடைசிச் சுற்றுவரை போய்விட்டுத் திரும்பாமல் இருக்க, இந்த நிபந்தனை உண்டா என்று கம்பெனியிடம் முன்கூட்டியே நாங்கள் கேட்டுவிடுகிறோம். அவ்வளவுதான் முடிகிறது.

பணம் பிரிப்பது சின்ன விஷயம், ஆனால் நிறையப் பேரை வெளியே தள்ளுவது அதுதான். டிபார்ட்மென்ட் டே, ஒரே நிறப் புடவை, ஃபேர்வெல், ஐவி எனப்படும் தொழிற்சாலைச் சுற்றுலா என்று வரிசையாக வரும். கொடுக்காதவர் பட்டியல் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் ஏறும். ‘இன்னும் 7 பேர் பாக்கி’ என்று பெயரோடு. எங்கள் துறையில் இப்போது பட்டியல் போடக்கூடாது. பணம் துறை உதவியாளரிடம் போகும். பாக்கி யார் என்று அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். பழைய மாணவர்கள் கொடுத்த ஒரு சிறு தொகை அதை நிரப்புகிறது. ஒரே நிறப் புடவையை அடியோடு நிறுத்தச் சொன்னேன், கேட்கவில்லை. வீட்டில் இருக்கும் புடவையைக் கட்டி வரலாம் என்ற அளவுக்கு இறங்கி வந்தார்கள்.

திருநங்கை மாணவி ஒருத்தி வந்தபோது, நாங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை. நினைத்தே பார்க்காதவைதான் நடந்தன. மாணவர்கள் ஒரு வாரம் வேடிக்கை பார்த்தார்கள், பிறகு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். கட்டணம் பிரச்சினையாக இல்லை. உயர்கல்வி படிக்கும் திருநங்கை, திருநம்பிகளின் கல்வி, விடுதிச் செலவை அரசே ஏற்கும் என்று 2024-25 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்திருந்தது. தொல்லை பெயர்தான். சான்றிதழில் பழைய பெயர். ஒவ்வொரு பீரியடும் ஒவ்வொரு ஆசிரியர் பழைய பெயரைக் கூப்பிட, ஒரு நாளைக்கு ஐந்து முறை வகுப்பு அவளைத் திரும்பிப் பார்க்கும். சான்றிதழ் மாறும்வரை பல்கலைக்கழகப் பதிவில் எதையும் மாற்ற முடியாது. ஆனால் வகுப்பில் கூப்பிடும் பெயர் எங்கள் கையில்தானே இருக்கிறது? பதிவேட்டுத் தாளில் ‘அழைக்கும் பெயர்’ என்று எல்லாருக்கும் ஒரு கட்டம் சேர்த்தோம். எடுத்த சாதிக் கட்டத்தின் இடத்தில் அது உட்கார்ந்துகொண்டது. மாரியம்மாள் என்ற பெயர் பிடிக்காமல் மாரி என்று கூப்பிடச் சொன்ன பிள்ளைகளுக்கும் அது உதவியது. கழிப்பறைக்கு, நூலகத்தை ஒட்டித் தனிக்கதவோடு இருந்த ஆசிரியர் கழிப்பறையின் பலகையை எடுத்துவிட்டு ‘அனைவருக்கும்’ என்று மாட்டினோம். கதவை அகலப்படுத்தியதால் சக்கர நாற்காலியும் போகிறது. சில ஆசிரியர்களுக்கு வருத்தம். வருத்தம் இன்னும் இருக்கிறது.

ஆசிரியர் அறையில் அடிக்கடி கேட்கும் வாதம் ஒன்று உண்டு. “எல்லாரையும் சமமா நடத்தணும்னு சொல்றீங்க, அப்புறம் இவங்களுக்கு மட்டும் ஏன் ஸ்பெஷல்?” நான் சட்டம் பேசுவதில்லை. டைம்டேபிள் போடும்போது மூத்த பேராசிரியர்களுக்கு முழங்கால் வலி என்று தரைத்தளத்திலேயே வகுப்பு ஒதுக்குகிறோமே, அதை யாரும் ஸ்பெஷல் என்று சொன்னதில்லையே என்று மட்டும் கேட்பேன். சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபம் வரும். கோபப்பட்ட ஒருவர்தான் பிறகு தன் வகுப்பை மாடியிலிருந்து கீழே மாற்றித் தந்தார். காரணம் கேட்கவில்லை நான்.

ஒரு முயற்சி சரிவரவில்லை. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குத் துணையாக ஆளுக்கொரு மாணவனை நியமிக்கலாம் என்று குழுவில் முடிவானது. பேட்ஜ்கூட அடித்தார்கள். துணை கிடைத்த பிள்ளைகளுக்குக் கேன்டீனுக்குத் தனியாகப் போகும் சுதந்திரம் போயிற்று. பேட்ஜ் போட்டவர்களுக்கோ சான்றிதழ்மேல் கண். ஒரு பருவத்தோடு கைவிட்டோம். கூட்டாளிகளை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்; அதற்கு வேண்டியது எல்லாரும் உட்காரும் இடத்துக்கு அவர்களும் போய்ச்சேர ஒரு வழி.

இப்போது நாங்கள் நம்பியிருப்பது ஒரே ஒரு தாள். ‘வகுப்பில், லேபில், தேர்வில், விடுதியில் உங்களுக்கு வேறு ஏற்பாடு ஏதாவது வேண்டுமா?’ என்று தமிழில் ஒரு கேள்வி, கீழே வெற்றிடம். முதலில் இதைச் சேர்க்கை நாளில் கொடுத்தோம். அப்பாக்கள் நிரப்பிக் கொடுத்தார்கள், எல்லாவற்றிலும் ‘இல்லை’. இப்போது இரண்டாவது வாரம், வகுப்பில், பெற்றோர் இல்லாதபோது. ஒன்றும் வேண்டாதவரும் ‘வேண்டாம்’ என்று எழுதி ஒட்டித்தான் தர வேண்டும். எழுதாமல் வெறும் தாளை யாரும் தரக்கூடாது. எல்லார் பேனாவும் ஓடும்போது யார் என்ன எழுதுகிறார்கள் என்று தெரியாது. வகுப்பாசிரியரும் நானும் மட்டும் படிக்கிறோம்.

வருவதில் பலவும் நாங்கள் நினைத்த பட்டியலில் இல்லாதவை. சுகர் இருக்கிறது, தேர்வு அறைக்குள் இன்சுலினும் பிஸ்கட்டும் கொண்டுவரலாமா என்று ஒருவர். நோன்பு மாதத்தில் விடுதியில் விடியலுக்கு முன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டை முந்தின இரவே கட்டிக் கொடுக்க முடியுமா என்று ஒருவர். இடது காது கேட்காது, இடதுபக்க வரிசையில் சுவரோரம் இடம் வேண்டும் என்று ஒருவர். போன வருடம் ஒரே கிராமத்துப் பிள்ளைகள் பல பேர், ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமலே, ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள். அவர்கள் ஊருக்கு வரும் ஒரே டவுன் பஸ் 9.40-க்குத்தான் கல்லூரி வாசலில் நிற்கும். முதல் பீரியட் 9.30-க்கு. தினமும் லேட், தினமும் வாசலில் நிற்பது, பாதி நாள் ஆப்சென்ட். பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி டிப்போவில் மனு கொடுத்திருக்கிறோம். பதில் வரும்வரை, முதலாமாண்டு வகுப்புகளில் முதல் பீரியட் அட்டெண்டன்ஸ் 10.15-க்குத்தான் எடுக்கிறோம்.